கலைச்சொல் விவாதம்: ஈர்ப்பு விதியில் ‘இருமடி’யும் ‘நிறை’யும்

திருச்சி, இயற்பியல் ஆசிரியை:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக, பொருள்களின் நிறையும் அவற்றுக்கு இடையேயுள்ள தொலைவும் ஈர்ப்பு விசையை எப்படி மாற்றுகின்றன என்பதை விளக்கும் சிறு பயிற்சி நூல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். மட்டக்களப்பிலுள்ள நம் குழு நண்பர் அதைத் தம் மாணவர்களுக்கும் கொடுக்க விரும்புகிறார். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொற்றொடர் மட்டும் என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

விதியை நாம் வழக்கமாக எழுதும் முறை உங்களுக்குத் தெரியும். விசையானது நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் இருமடிக்கு, அதாவது தொலைவைத் தன்னாலேயே பெருக்கிய எண்ணுக்கு, எதிர்விகிதத்திலும் இருக்கும். இதை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களிடம், “தொலைவு இரண்டு மடங்கானால் விசை என்ன ஆகும்?” என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் “பாதியாகும்” என்கிறார்கள். ஒரு மாணவியின் விடைத்தாளில் விதி ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் இருந்தது. அடுத்த வரியிலேயே, “இருமடி என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும்” என்று காரணமும் எழுதியிருந்தாள். அவள் கணக்கில் தடுமாறவில்லை, நாம் கொடுத்த சொல்லை நம்பி அதன் வழியே நேராகப் போயிருக்கிறாள். கால் பங்கு என்று வரவேண்டிய இடத்தில் அரைப் பங்கு வந்ததற்குச் சொல்தான் பொறுப்பு என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் ‘இன்வெர்ஸ் ஸ்கொயர் லா’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மாணவரைச் சரியான விடைக்குக் கொண்டுபோகும் தமிழ்த் தொடர் ஒன்று எனக்கு வேண்டும். உதவுங்கள்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வணக்கம். சொல்லின் மீது பழி போடுவதற்கு முன் சொல்லின் வரலாற்றைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

‘மடி’ என்ற வினையடிக்கு வளைதல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிதல் என்பது அடிப்படைப் பொருள். மடி, மடங்கு, மடக்கு ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். “மடிதற்றுத் தான்முந் துறும்” என்று வள்ளுவர் சொல்லும் மடி, மடித்து இறுக்கிக் கட்டிய ஆடை. அணியிலக்கணத்தில் வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வேறு பொருளில் வருவதை ‘மடக்கு’ என்கிறோம்; ஓர் எண் தன்னோடு தானே பெருகுவதும் அந்த வகை மீள்வரவே. மடக்கை என்று கணிதத்தில் வழங்கும் சொல்லும் இந்த வேரிலிருந்து கிளைத்ததே. ஒரு துணியை ஒருமுறை மடித்தால் இரண்டு படலம் கிடைக்கும், அதையே மறுபடி மடித்தால் நான்கு. ஆகவே இரண்டை இருமுறை மடித்தது நான்கு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று மூன்றாக இருமுறை மடித்தால் ஒன்பது படலம் வரும். ‘இருமடி’ என்பது மடிக்கும் முறையைச் சொல்கிறது. ‘இருமடங்கு’ என்பது மடிந்து கிடைத்த அளவைச் சொல்கிறது. முதலது தன்வினை, பிறவினை இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் அடி. இரண்டாவது தன்வினை மட்டுமே. இத்தனை நுட்பமான வேறுபாட்டை உள்ளடக்கிய ஒரு சொல்லைத் தேர்ந்தவர்கள் தமிழறிந்தவர்கள்.

சேலத்தில் 1916இல் ராஜாஜி உள்ளிட்டோர் பரிபாஷைச் சங்கம் அமைத்துச் சொல் தேடிய நாளிலிருந்து, ‘ஆகர்ஷண சக்தி’ போய் ‘ஈர்ப்பு விசை’ நிலைபெற்ற நாள் வரை, தமிழ் வேர்ச்சொற்களை மீட்டது நெடிய உழைப்பு. ஒரு வகுப்பு தவறாகப் படித்தது என்பதற்காக ‘இருமடி’யைக் கைவிட்டு ‘வர்க்க’த்துக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மட்டக்களப்பு, விஞ்ஞான ஆசிரியர்:

ஆசிரியை அவர்களுக்கும் பெரியவருக்கும் வணக்கம்.

ஐயா விளக்கிய வேர் அழகானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லைப் பார்த்தவுடன் மடிப்பை எண்ணுவதில்லை. தனக்கு ஏற்கெனவே தெரிந்த ‘இருமடங்கு’ என்ற சொல்லைத்தான் அதில் காண்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இந்தக் குழப்பம் எழுவதில்லை. தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமன் என்று எழுதுகிறோம்; விதியின் பெயர் ‘நேர்மாறு வர்க்க விதி’. தமிழ்நாட்டிலும் கணிதப் பாடத்தில் வர்க்கம், வர்க்கமூலம் என்றுதானே கற்பிக்கிறீர்கள்? கணித வகுப்பில் வர்க்கமாக இருந்த ஒன்று அடுத்த மணி அடித்ததும் இயற்பியல் வகுப்பில் இருமடியாக மாறினால், இரண்டும் ஒன்றே என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உங்கள் வரைவின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் ‘நிறை’ என்று எழுதியிருப்பதை எங்கள் பிள்ளைகள் ‘எடை’ என்று படிப்பார்கள். எங்களுக்குப் பொருளின் அளவு ‘திணிவு’. அதன்மேல் புவி செலுத்தும் இழுவிசைதான் ‘நிறை’. “சந்திரனுக்குச் சென்றாலும் பொருளின் நிறை மாறாது” என்று எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாணவருக்கு அது சரியான வாக்கியம், எங்கள் மாணவருக்கு முழுத் தவறு. நிறையும் தொலைவும் ஈர்ப்பை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதற்காகவே எழுதிய நூலில் இது சிறு வேறுபாடு அல்ல.

கோவை, அறிவியல் மொழிபெயர்ப்பாளர்:

மட்டக்களப்பு ஐயா எழுப்பிய கேள்வி முதன்மையானது. அதை ஆராயாமல் கடந்துவிடக் கூடாது.

சொல்லாட்சியின் பழமையைப் பார்த்தால் இலங்கை வழக்குக்கு வலு இருப்பதுபோல் முதலில் தோன்றும். நல்லாசிரியருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் ‘நிறைகோல்’ ஒன்று, அது துலாக்கோல். நிறுப்பதற்கான கோல் நிறைகோல் என்றால், நிறுத்துக் கிடைப்பது நிறை, அதாவது பாரம். ஆனால் இயற்பியலின் பக்கம் நின்று பார்த்தால் இதே சான்று எதிர்த்திசையில் பேசுகிறது. இரு தட்டுகள் கொண்ட துலாக்கோல் ஒரு தட்டிலுள்ள பொருளை மறு தட்டிலுள்ள படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. அதைச் சந்திரனுக்குக் கொண்டுபோனால் இரண்டு தட்டின் மீதும் ஈர்ப்பு ஒரே விகிதத்தில் குறையும், முள் அசையாது. சுருள்வில் தராசைக் கொண்டுபோனால் அளவு ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறைந்துவிடும். எனவே நன்னூலார் அறிந்த நிறைகோல் அளந்தது, நாம் இன்று ஆங்கிலத்தில் ‘மாஸ்’ என்று சொல்வதைத்தான். எடுத்துப் பார்க்கையில் கைக்குத் தெரிவது எடை. எடு என்பதிலிருந்து எடை. தூக்குவதற்கு எதிராக இழுக்கும் விசைக்கு இதைவிடப் பொருத்தமான வேரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

‘திணிவு’ எனக்கு வேறொரு காரணத்தால் நெருடுகிறது. “மண்திணிந்த நிலன்” என்று புறநானூறு சொல்லும்போது, நெருக்கமாகச் செறிந்திருத்தலே அங்கு பொருள். செறிவு என்பது அடர்த்திக்கு உரிய கருத்து. ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ இரும்பும் திணிவில் ஒன்று என்று சொன்னால், அந்தச் சொல்லின் உணர்ச்சி அதை ஏற்க மறுக்கிறது.

மட்டக்களப்பு, விஞ்ஞான ஆசிரியர்:

கோவை நண்பரின் துலாக்கோல் வாதம் அருமையாக இருக்கிறது. அதை என் வகுப்பில் கட்டாயம் பயன்படுத்துவேன். ஆனால் திணிவு பற்றிய முடிவை ஏற்க முடியவில்லை. நியூட்டன் தம் 1687ஆம் ஆண்டு நூலில் கொடுக்கும் முதல் வரையறையே பொருளின் அளவைப் பற்றியது, அங்கே அவர் அதை அடர்த்தியும் பருமனும் சேர்ந்து தருவதாகத்தான் வரையறுக்கிறார். செறிவு என்ற கருத்தின் வழியாகவே இந்தக் கணியம் பிறந்தது. திணிந்திருப்பது எவ்வளவு என்று கேட்கும் சொல்லை அதற்கு வைத்ததில் பிழை இல்லை.

பரீட்சையில் பிள்ளை ‘நிறை’ என்று எழுதினால் புள்ளி போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சொல்லின் வேர் எங்கே போனாலும், விடைத்தாள் திருத்துபவரின் கையில் இருக்கும் புள்ளித் திட்டத்தில் ‘திணிவு’ என்றே இருக்கும்.

திருச்சி, இயற்பியல் ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. நிறை, திணிவு என்ற வழக்குகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்தப் பயிற்சி நூலுக்கு இல்லை. இலங்கைப் பதிப்பில் முழுவதும் திணிவு, நிறை என்றும், தமிழ்நாட்டுப் பதிப்பில் நிறை, எடை என்றும் இருக்கட்டும். கணினியில் ஒரேயடியாக மாற்ற முயன்றால், ‘எடை’ நிறையாகவும் ‘நிறை’ திணிவாகவும் மாறும் வரிசையில் கவனம் பிசகி எல்லாமே திணிவாகிவிடும். ஆகவே கையால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுகிறேன்.

தொலைவு பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். நூலின் பயிற்சியில், தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருக்கும் 60 கிலோகிராம் நிறையுள்ள வீரர்மீது புவி செலுத்தும் விசையைக் கணிக்கச் சொல்லியிருக்கிறேன். முன்னோட்டமாகச் செய்து பார்த்த மாணவர்களில் சிலர் தொலைவுக்கு 400 என்று இட்டுவிட்டார்கள். அப்படிச் செய்தால் விசை தரையில் இருப்பதைப்போல் சுமார் 250 மடங்கு வருகிறது. உண்மையில் புவியின் ஆரமான 6,371 கிலோமீட்டரையும் சேர்த்து 6,771 என்று இட வேண்டும். அப்போது விசை சுமார் 520 நியூட்டன், அதாவது தரையில் உள்ளதில் ஏறத்தாழ 89 விழுக்காடு என்று தெரியும். அங்கே ஈர்ப்பே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்த விடை பெரிய திறப்பு. அந்த வீரர் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல, நிலையமும் அவரும் சேர்ந்தே புவியை நோக்கி விழுந்துகொண்டிருப்பதால்தான் என்று அடுத்த பத்தியில் விளக்குகிறேன்.

சீரான கோளம் தன் முழு நிறையும் மையத்தில் குவிந்திருப்பதுபோல் வெளியிலுள்ள பொருளை ஈர்க்கும் என்பதை நியூட்டன் நிறுவியதால்தான், நாம் மையத்திலிருந்து அளக்கிறோம். இந்தக் கருத்து ‘தொலைவு’ என்ற சொல்லில் இல்லை. ‘மையத்தொலைவு’ என்று எழுதலாமா?

கோவை, அறிவியல் மொழிபெயர்ப்பாளர்:

மையத்தொலைவு மிகச் சரி. எனக்கு மறுப்பில்லை.

மட்டக்களப்பு, விஞ்ஞான ஆசிரியர்:

நாங்கள் தூரம் என்றே எழுதுவோம் என்றாலும் மையத்தொலைவு எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். ஏற்கிறேன்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மையம் வடசொல் என்று சொல்வோர் உண்டு. நடு, நடுவம் என்பவை நம்மிடம் இருக்கின்றன. ‘நடுவத்தொலைவு’ என்று வைத்தால் இன்னும் சிறப்பு. ஆயினும் பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். ஆசிரியை அம்மா கேட்ட முதற்கேள்வி இன்னும் விடையில்லாமல் கிடக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

சிங்கப்பூர், கணிதம் படித்த மென்பொருளாளர்:

வணக்கம். எங்கள் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழ் இங்கே தாய்மொழிப் பாடம். ஆகவே தேர்வு, பாடத்திட்டம் ஆகிய எந்தக் கட்டும் எனக்கு இல்லை. அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

தொடரில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று ‘எதிர்’, மற்றது ‘இருமடி’. இரண்டுமே தனித்தனியாகச் சிக்கல் தருபவை. அதே இயற்பியல் நூலில் ‘எதிர்மின்’ என்ற சொல்லும் வருகிறது. அங்கே எதிர் என்பது குறைக் குறியைக் காட்டுகிறது, இங்கே தலைகீழ் எண்ணைக் காட்டுகிறது. ‘எதிர் இருமடி விதி’ என்று தலைப்பைப் பார்க்கும் மாணவர், விசை எதிர்த்துத் தள்ளுகிறது என்றோ, விசைக்குக் குறைக் குறி உண்டு என்றோ நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஈர்ப்பு விசையோ ஒருபோதும் விலக்குவதில்லை. அதுதான் மின்விசையிலிருந்து அதைப் பிரிக்கும் பெரிய வேறுபாடு. புணர்த்தி எழுதினால் ‘எதிரிருமடி’ என்றாகி, ‘எதிரி’ முதலில் கண்ணில் படுகிறது.

அடுத்து, இருமடிக்கு மாற்றாக இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு சொல் ஏற்கெனவே வகுப்பறையில் இருக்கிறது: இருபடி. இருபடிச் சமன்பாடு என்று தமிழ்நாட்டிலும் சொல்கிறார்கள், இலங்கையிலும் சொல்கிறார்கள். இருமடங்கோடு மயங்காது, வர்க்கப் போராட்டத்தோடும் மயங்காது. எனவே ‘எதிர் இருபடி விதி’ அல்லது ‘தலைகீழ் இருபடி விதி’ என்று வைக்கலாம். பத்தில் ஒன்றுக்குப் பத்து தலைகீழி என்று தமிழ்நாட்டு மாணவர் கற்றிருப்பதால் இரண்டாவதே எனக்கு உகந்தது.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, படி என்பதற்கு எத்தனை பொருள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நெல் அளக்கும் படி, ஏறும் படி, எழுத்தின் மறுபடி, அலுவலகத்தில் கொடுக்கும் பயணப்படி, ‘அப்படி இப்படி’ என்பதில் வரும் படி. இருபடி அரிசி என்றால் நாழிகளின் கணக்கு. மடியில் மயக்கம் என்று விலகி, அதைவிட மயக்கம் மிகுந்த இடத்தில் போய் நிற்கிறோம். மேலும் இருபடிச் சமன்பாட்டில் ஒருபடி உறுப்பும் மாறிலியும் சேர்ந்தே வரலாம். ஈர்ப்பு விதியில் அப்படி எதுவும் இல்லையே. இரண்டும் வெவ்வேறு கருத்துகள்.

‘எதிர்’, ‘தலைகீழ்’ இரண்டுமே நிலையைக் காட்டும் சொற்கள். நிகழ்வைக் காட்டுபவை அல்ல. தொலைவு கூடக்கூட விசை என்ன ஆகிறது? தேய்கிறது. தேய்பிறை என்று ஊரறிந்த சொல் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை ‘இருமடித் தேய்வு விதி’. ‘இருமடி’ ஒரு பொருளின் பெயராக நிற்காமல், தேய்வின் அளவைச் சொல்லும் அடையாக நிற்பதால் மாணவி செய்த பிழைக்கு இடமில்லை.

கோவை, அறிவியல் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, ‘தேய்வு’ செவிக்கு இனியது. ஆனால் அதில் காலம் ஒளிந்திருக்கிறது. பிறை நாள்தோறும் தேய்கிறது, செருப்பு நடக்க நடக்கத் தேய்கிறது. ஈர்ப்பு விசையோ ஒரே இடத்தில் எத்தனை ஆண்டு நின்றாலும் குறையாது. இடம் விலகினால்தான் குறையும். ‘இருமடித் தேய்வு’ என்று படிக்கும் மாணவர், சூரியனின் ஈர்ப்பு ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போகிறது என்று எழுதினால் என்ன செய்வோம்? ‘இருமடி’ அடையாக நின்றாலும் ‘இரண்டு மடங்கு தேய்வு’ என்று படிக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது என்பதையும் பணிவுடன் சொல்கிறேன்.

தொலைவும் விசையும் பற்றிப் பேசும்போது குழுவில் யாரும் இன்னும் அந்தக் குறளைச் சொல்லவில்லை என்பது எனக்கு வியப்பு. “நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும்” என்று காதலியின் தீயைப் பற்றிச் சொல்கிறார். விலகினால் சுடுகிறது, அணுகினால் குளிர்கிறது. ஈர்ப்பு விதிக்கு நேர்மாறான நடத்தை இது. விலக விலக மிகுவது, இழுத்த வில்லின் விசைதான். ஆசிரியை அம்மா விரும்பினால் பயிற்சி வினாவாகக் கேட்கலாம்: இந்தத் தீ எந்த விதியைப் பின்பற்றவில்லை?

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அந்தக் குறளின் இறுதியில் “தீயாண்டுப் பெற்றாள் இவள்” என்று கேட்பதே, உலகத்துத் தீ அப்படி இல்லை என்பதால்தான். வள்ளுவருக்கு உங்கள் விதி தெரிந்திருக்கிறது என்றே கொள்கிறேன்.

தேய்வில் காலம் இருக்கிறது என்ற மறுப்பை நான் முழுமையாக ஏற்கவில்லை. ‘கடைசியில் தேய்ந்து முடியும் தெரு’ என்று இடத்துக்கும் சொல்கிறோம். ஆயினும் விவாதம் நீள்வது அச்சுக்குக் காத்திருக்கும் நூலுக்கு நல்லதல்ல.

திருச்சி, இயற்பியல் ஆசிரியை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன தொடர்களை எழுதிவைத்து, வகுப்பிலும் கேட்டுப் பார்த்தேன். விதியை விளக்காமல் பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதி, “தொலைவு மூன்று மடங்கானால் விசை என்ன ஆகும் என்று ஊகியுங்கள்” என்றேன். ‘இருபடி’ என்று எழுதியபோது ஒன்பதில் ஒன்று என்ற விடை பலரிடமிருந்து வந்தது. காரணம் கேட்டால், “இருபடிச் சமன்பாட்டில் வருவதுபோல்” என்றார்கள். ‘இருமடி’ என்று எழுதியபோது, “மூன்று மடங்கு தூரம், இருமடி விசை, ஆகவே ஆறில் ஒன்று” என்று ஒரு புதிய விடையும் சேர்ந்துகொண்டது. இது ஆராய்ச்சி அல்ல, என் ஒரு வகுப்பில் கண்டது மட்டுமே. ஆனால் என் மனம் இருபடியின் பக்கம் சாய்ந்துவிட்டது.

தமிழாசிரியர் ஐயாவின் மறுப்பு சரியானது, இருபடிச் சமன்பாடும் ஈர்ப்பு விதியும் ஒன்றல்ல. ஆனால் மாணவருக்கு அந்தச் சொல் நினைவூட்டுவது ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்குவதை. எனக்கு இந்த இடத்தில் தேவைப்படுவதும் அதுதான். ‘எதிர்’ என்ற முன்னடையை விடலாம் என்று சிங்கப்பூர்த் தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விதியின் உடலில் ‘எதிர்விகிதம்’ என்ற சொல் இருந்தே தீரும். அதைத் தேர்வில் எழுத வேண்டும். தலைப்பில் ‘தலைகீழ்’ என்றும் உள்ளே ‘எதிர்’ என்றும் இருந்தால் மறுபடியும் இரண்டு சொல்லாகிவிடும்.

ஆகவே தமிழ்நாட்டுப் பதிப்பில் பெயர் ‘எதிர் இருபடி விதி’. பாடநூல் வழக்கான ‘இருமடி’யையும் முதல் இடத்தில் ஒருமுறை கூறி, அது இருமடங்கு அல்ல என்று அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பெயருக்கு அடுத்தே நியூட்டன் செய்த சோதனையை வைக்கிறேன். சந்திரன் புவியின் மையத்திலிருந்து புவி ஆரத்தைப்போல் சுமார் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. விசை வெறும் எதிர்விகிதத்தில் குறைந்தால் சந்திரனின் முடுக்கம், தரையில் உள்ள ஈர்ப்பு முடுக்கமான 9.8ஐ 60ஆல் வகுத்தது, அதாவது 0.16 ஆக இருக்க வேண்டும். சந்திரன் சுற்றும் காலத்தையும் தொலைவையும் கொண்டு கணித்தால் கிடைப்பதோ 0.0027; அது 9.8ஐ 3,600ஆல் வகுத்த எண். இந்த இரண்டு எண்களையும் தாங்களே கணித்துப் பார்த்த மாணவர் பாதி என்று எழுத மாட்டார் என்பது என் உறுதியான நம்பிக்கை.

நிறையின் பங்கையும் தொலைவின் பங்கையும் ஒருங்கே காட்ட, சனிக்கோளைச் சேர்த்திருக்கிறேன். சனியின் நிறை புவியைப்போல் 95 மடங்கு. ஆனால் அதன் ஆரம் ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு என்பதால், ஒன்பதரையின் இருபடியான சுமார் 90 அந்தப் பெரிய நிறையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. சனியின் மேகப் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் நம் தரையில் உள்ளதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

சிங்கப்பூர், கணிதம் படித்த மென்பொருளாளர்:

தலைகீழுக்கு இடம் கிடைக்கவில்லை என்றாலும் இருபடி நின்றது போதும். சனி எடுத்துக்காட்டு மிக நன்று. சூரியனையும் சந்திரனையும் சேர்க்க இடம் இருந்தால் சேருங்கள். புவியைச் சூரியன் இழுக்கும் விசை, சந்திரன் இழுக்கும் விசையைப்போல் 170 மடங்குக்கும் மேல். ஆனாலும் கடல் ஓதத்தில், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதில், சந்திரனின் பங்கு சூரியனுடையதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஏனென்றால் ஓதத்தை எழுப்புவது விசை அல்ல, புவியின் இரு பக்கங்களுக்கு இடையே அந்த விசையில் உள்ள வேறுபாடு, அது தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இருபடி வந்துவிட்டால் முப்படி தானே வந்துவிடும் என்பது அந்தச் சொல்லின் இன்னொரு வசதி.

கோவை, அறிவியல் மொழிபெயர்ப்பாளர்:

எதிர் இருபடி விதிக்கு என் ஒப்புதல். முழு மனநிறைவு என்று சொல்ல மாட்டேன்; இருக்கும் சொற்களில் பிழைக்குக் குறைவாக இடம் தருவது இது.

கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மை முடிவு அச்சேறட்டும். என் மாற்றுக்கருத்து குழுவின் பதிவில் இருக்கட்டும்: ‘இருமடி’ பிழையான சொல் அல்ல, பிழையாகக் கற்பிக்கப்பட்ட சொல். மடிக்கும் மடங்குக்கும் உள்ள வேறுபாட்டை ஆறாம் வகுப்பிலேயே ஒரு துண்டுத் துணியை வைத்துக் காட்டியிருந்தால் பத்தாம் வகுப்பில் இந்தக் கடிதப் போக்குவரத்துக்குத் தேவை இருந்திருக்காது. தமிழாசிரியர்களும் கணித ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்காராததன் விளைவை இயற்பியல் ஆசிரியை சுமக்கிறார்.

மட்டக்களப்பு, விஞ்ஞான ஆசிரியர்:

ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் முடிவை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பதிப்பில் ‘நேர்மாறு வர்க்க விதி’ என்றே அச்சிட வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் இருபடியைச் சமன்பாட்டுக்கு மட்டுமே கேட்டவர்கள். வர்க்கத்தைச் சிறு வகுப்பிலிருந்தே அறிந்தவர்கள். அந்தச் சொல்லால் இதுவரை யாரும் பாதி என்று எழுதி நான் காணவில்லை. மையத்தொலைவை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சந்திரக் கணக்கில் முடுக்கம் என்று வரும் இடங்களை ஆர்முடுகல் என்று மாற்றுகிறேன். எட்டாம் பக்கத்து வாக்கியத்தை “திணிவு மாறாது, நிறை மாறும்” என்று திருத்தியிருக்கிறேன். கோவை நண்பரின் துலாக்கோலை அதற்குக் கீழே படத்தோடு சேர்க்கிறேன். திருத்திய கோப்பை வியாழன் மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன். பதினோராம் பக்கத்து அட்டவணையில் சனியின் ஆரத்தைக் கிலோமீட்டரிலும் கொடுத்தால் பிள்ளைகள் தாங்களே கணிக்க வசதியாக இருக்கும்.